தாரா ஓடிக்கொண்டிருக்கிறது

மாண்டினீக்ரோவின் வடக்கே, ஜாப்லியாக் ஊரைத் தாண்டிய மேட்டுப் புல்வெளியில் எவ்வளவு தூரம் நடந்தாலும் ஓர் ஓடையைக் கடக்க நேர்வதில்லை. மழை பொய்த்த பூமி அல்ல அது. கடல்மட்டத்திலிருந்து 1,456 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். குளிர்காலம் முழுக்கப் பனி கொட்டும். வீட்டுக் கூரைகள் பனி தங்காமல் சரிந்து விழும்படி செங்குத்தாகக் கூம்பி நிற்கின்றன. கொட்டுகிற நீர் அத்தனையும் மண்ணுக்குள் போய்விடுகிறது. தரை முழுவதும் சுண்ணாம்புக்கல். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது; கல்லின் வெடிப்புகளைக் கரைத்துக் கரைத்து வழி பண்ணிக்கொண்டு உள்ளே இறங்குகிறது. புல்வெளியில் வட்டவட்டமாகக் குழிகள் தெரியும். அவற்றின் அடியில்தான் நீர் இறங்கும் வாய்.

இறங்கிய தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது என்று பார்ப்பதற்காகவே சுரேவாட்ஸ் மேட்டுக்கு நடந்தேன். 1,625 மீட்டர் உயரம். பாதை ஊசியிலைக் காட்டுக்குள் மெதுவாக ஏறுகிறது. பெரிய மலையேற்றம் எதுவும் இல்லை. காடு விலகுகிற இடத்தில் தரையும் சட்டென்று முடிந்துவிடுகிறது. ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் கீழே, ஒரு பச்சைக் கோடு. அதுதான் தாரா ஆறு.

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் படங்களை மனத்தில் வைத்துக்கொண்டு இங்கே வருகிறவர் திகைப்பார். அங்கே பாறை சிவந்து வெறுமையாகக் கிடக்கும். இங்கே பள்ளத்தின் இரு சரிவுகளிலும் காடு. பீச், ஃபிர், ஸ்ப்ரூஸ், கரும்பைன் எல்லாம் செங்குத்தான பாறையின் ஒவ்வொரு படியிலும் வேர் பிடித்து நிற்கின்றன. மரம் நிற்க முடியாத இடத்தில் மட்டும் சாம்பல் வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர் வெளியே தெரிகிறது. 82 கிலோமீட்டர் நீளம். மிக ஆழமான இடத்தில் 1,300 மீட்டர். ஐரோப்பாவின் மிக ஆழமான ஆற்றுப் பள்ளத்தாக்கு என்று இதைச் சொல்கிறார்கள். அந்த எண்கள் மேட்டில் நிற்கும்போது நினைவில் இல்லை. எதிர்ச்சரிவில் ஒரு கழுகு பறந்துகொண்டிருந்தது. நான் அதன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவே ஆழத்தைப் புரியவைத்தது.

மலை உயர உயர ஆறும் விடாமல் அறுத்துக்கொண்டே இறங்கியதால் உண்டானது இந்தப் பள்ளம். மேற்கே நிற்கும் துர்மிதோர் மலைத்தொகுதியின் மிக உயர்ந்த சிகரம் போபோத்தோவ் கூக், 2,523 மீட்டர். பனியுகத்தில் அந்தச் சிகரங்களைச் சுற்றிப் பனியாறுகள் இருந்தன. அவை குடைந்துவிட்டுப் போன குழிகளில்தான் இன்று ஏரிகள். ஜாப்லியாக்கிலிருந்து கால்நடையாகவே போகக்கூடிய கறுப்பு ஏரியின் நீர் தரைக்கடியில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பங்கு கிழக்கே தாராவுக்கு. மற்றொரு பங்கு மலையின் மறுபக்கம் கொமார்னிட்சா ஆற்றுக்கு, அதன் வழியே பீவா ஆற்றுக்கு. ஒரே ஏரியில் நிற்கும் நீர் இரண்டு ஆறுகளுக்குப் பிள்ளையாகப் போகிறது. இந்தப் பயணத்தில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது தாராவும் பீவாவும் சேர்ந்த கதைதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

துர்மிதோர் 1952-இல் தேசியப் பூங்கா ஆயிற்று. தாரா படுகை எழுபதுகளிலேயே யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலில் ஏறியது. 1980-இல் பூங்கா உலகப் பாரம்பரியச் சின்னமும் ஆனது. கரடியும் ஓநாயும் இன்னும் இருக்கின்றன என்று வனக்காவலர்கள் சொன்னார்கள். எனக்குக் காணக் கிடைத்தது வரையாடு போன்ற ஷமோய்ஸ் ஒன்று, தூரத்துப் பாறைமீது, கண நேரம்.

தலைநகர் போத்கோரிட்சாவிலிருந்து மேலே வரும்போது கொலாஷின் ஊர்ப் பக்கத்திலேயே தாரா நம்மோடு சேர்ந்துகொள்கிறது. மோய்கோவாட்ஸ் ஊரிலிருந்து ஜூர்ஜேவிச்சா தாரா பாலம் வரைக்குமான சாலை ஆற்றை ஒட்டியே போகிறது. அவசரப்படாமல் போக வேண்டிய சாலை இது. நான் அதற்கு ஒரு பகல் எடுத்துக்கொண்டேன். வழியில் ட்சர்னா போதா என்ற கரும்பைன் காடு. 400 ஆண்டுகளுக்கு மேல் வயதான மரங்கள், 50 மீட்டர் வரை உயரம். ஐரோப்பாவில் கரும்பைன் இவ்வளவு வயதும் உயரமும் எட்டிய காடுகள் அரிது. பட்டை ஆமையோடு மாதிரிக் கட்டம் கட்டமாக வெடித்திருக்கிறது. அடிமரத்தைக் கட்டிப்பிடித்தால் என் இரு கைகளும் ஒன்றையொன்று தொடவில்லை. சாலைக்கு இத்தனை அருகில் இருந்தும் இவை கோடாலிக்குத் தப்பியது எனக்குப் பேராச்சரியம். ஏனென்றால், இந்த ஆறு ஒரு காலத்தில் மரம் அனுப்பும் வழியாகத்தான் இருந்தது. வெட்டிய மரங்களைக் கட்டித் தெப்பமாக்கி, அவற்றின்மேலேயே நின்று நீரோட்டத்தில் கீழே கொண்டுபோவார்கள். இன்றைய சவாரிப் படகுகளுக்கு அந்த மரக்கட்டுத் தெப்பங்கள்தான் முன்னோடி.

மேலே காணாமல் போன தண்ணீர் இந்தச் சாலையில்தான் எனக்குத் திரும்பக் கிடைத்தது. பாய்லோவிச்சா சீகே என்ற இடத்தில் மறுகரைப் பாறையின் குகை வாயிலிருந்து ஊற்று வெளியே வந்து, அகலமாக விரிந்து, பாசிமீது நூறு இழையாகப் பிரிந்து ஆற்றில் விழுகிறது. கல்லைக் கரைத்துக்கொண்டு போன நீர், வெளிக்காற்று பட்டதும் அந்தச் சுண்ணாம்பைப் பாசியின்மேல் திரும்பப் படியவிடுகிறது. பாசி கல்லாகிறது, கல்லின்மேல் புதுப் பாசி வளர்கிறது, அதுவும் கல்லாகிறது. அருவி தன் பாறையைத் தானே கட்டிக்கொள்கிறது.

இன்னும் கீழே, பாலத்துக்கு அருகில், லியூதிட்சா. இதை ஊற்று என்பதா ஆறு என்பதா என்று எனக்குத் தெரியவில்லை. பாறைக்கடியிலிருந்து ஓர் ஆற்றுக்குரிய தண்ணீர் ஒரேயடியாகப் பொங்கி எழுகிறது. நூறு மீட்டர் சொச்சம் நுரைத்து ஓடி தாராவில் கலந்துவிடுகிறது. பிறப்பிடத்தையும் முடிவிடத்தையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம். மேட்டுப் புல்வெளியில் குழிகளுக்குள் இறங்கிய பனிநீர், கிலோமீட்டர் கணக்கில் இருட்டில் அலைந்து, இங்கே வெளிச்சத்துக்கு வருகிறது. கையை வைத்தேன். நான்கைந்து நொடிக்குமேல் வைத்திருக்க முடியவில்லை.

ஜூர்ஜேவிச்சா தாரா பாலத்தைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். 1937 முதல் 1940 வரை கட்டியது. வடிவமைத்தவர் பொறியாளர் மியாத் த்ரோயானோவிச். ஐந்து கான்கிரீட் வளைவுகள், 365 மீட்டர் நீளம். ஆற்றிலிருந்து 172 மீட்டர் மேலே சாலை. பெரிய வளைவின் அகலம் மட்டும் 116 மீட்டர். கட்டி முடித்தபோது ஐரோப்பாவின் பெரிய கான்கிரீட் வளைவுப் பாலங்களில் இதுவும் ஒன்று. எனக்கு அணைகளையும் மேம்பாலங்களையும் கண்டால் பொதுவாக மனம் இளகுவதில்லை. இந்தப் பாலம் விதிவிலக்கு. பள்ளத்தை மறைக்காமல், அதன் அகலத்தை நமக்கு அளந்து காட்டுவதுபோல் மெலிந்து நிற்கிறது.

இரண்டாம் உலகப் போரில் இத்தாலியப் படை இந்த மலைகளுக்குள் வந்தது. இப்பகுதியில் பள்ளத்தாக்கைக் கடக்க இருந்த ஒரே வழி இந்தப் பாலம். அதைத் தகர்க்க விடுதலைப் படையினர் முடிவெடுத்தபோது உடன் நின்றவர் லாசர் யாவுக்கோவிச். பாலத்தைக் கட்டிய பொறியாளர்களில் ஒருவர். 1942-இல் ஒரு வளைவு மட்டும் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. மற்ற நான்கும் நின்றன. எங்கே வைத்தால் எது விழும், எது விழாமல் நிற்கும், பின்னொரு நாள் எப்படித் திரும்பக் கட்டலாம் என்பது கட்டியவருக்குத்தானே தெரியும். இத்தாலியர்கள் அவரைப் பிடித்துச் சுட்டுக் கொன்றார்கள். 1946-இல் அந்த ஒரு வளைவை மட்டும் கட்டிச் சேர்த்தார்கள். பாலம் மறுபடி முழுதாயிற்று. பாலத்தின் முனையில் அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. அதற்கு எதிரிலேயே கம்பியில் தொங்கியபடி பள்ளத்தைக் கடக்கும் சவாரிக்குச் சீட்டு விற்கிறார்கள். வண்டிகளிலிருந்து இறங்குகிறவர்களில் பலர் நேராக அங்கே போகிறார்கள். நினைவுச் சின்னத்துக்கு முன் ஒரு ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் போனால் நல்லது.

அன்றிரவு தங்கிய வீட்டில் அம்மாள் கச்சமாக் செய்து போட்டார். உருளைக்கிழங்கையும் சோள மாவையும் வேகவைத்து, மரக்கட்டையால் கிண்டிக் கிண்டி, பாலாடைக்கட்டியும் கய்மாக் என்ற பாலேடும் சேர்த்த உணவு. நம் வீட்டுக் களி கிண்டுகிற அதே உடல் உழைப்பு, அதே தோள்வலி. "சூட்டோடு சாப்பிட்டுவிடுங்கள், நாளைக்குத் தண்ணீர் குளிரும்" என்றார். கோடையில் மாடுகளோடு மேட்டு மேய்ச்சல் நிலக் குடிசைக்குப் போய்விடுவாராம். அங்கே தண்ணீருக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைத்துக்கொள்வோம் என்றார். ஐரோப்பாவின் மிகத் தெளிந்த ஆறுகளில் ஒன்று கண்ணெதிரே ஆயிரம் மீட்டர் கீழே ஓட, மேலே இருப்பவர்கள் மழைத் தொட்டியை நம்பி வாழ்கிறார்கள்.

அவர் சொன்னது சரி, தண்ணீர் குளிர்ந்தது. மறுநாள் ரப்பர் படகில் ஏறினோம். பூங்காவின் எல்லை தாண்டியும் பள்ளத்தாக்கு தொடர்கிறது. கடைசித் தொலைவில் தாராதான் நாட்டெல்லை: ஒரு கரை மாண்டினீக்ரோ, எதிர்க்கரை போஸ்னியா. எங்கள் வழிகாட்டி இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க இளைஞர். நீர் சீறிப் பாயும் இடங்களில் மட்டும் உரக்கக் கத்துவார். மற்ற நேரம் பேச்சே இல்லை. சுழிப்புகளுக்கு இடையே நீர் அசையாததுபோல் நிற்கும் மடுக்களில் அடியில் கிடக்கும் கூழாங்கற்களை ஒவ்வொன்றாக எண்ணலாம். ஆழம் கூடக் கூட நீர் வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சைக்குப் போகிறது. "குடிக்கலாமா?" என்றேன். பதில் சொல்லாமல் தொப்பியைக் கழற்றி ஆற்றில் முக்கி அள்ளிக் குடித்துக் காட்டினார். நானும் குடித்தேன். கல்லின் ருசி.

ஒரு மடுவில் படகை நிறுத்தி நீருக்குள் காட்டினார். பழகாத கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு நிழல் நகர்ந்தது. டான்யூப் சால்மன். டான்யூப் ஆற்றுப் படுகைக்கு மட்டுமே உரிய மீன். ஒரு மீட்டருக்குமேல் வளரும். தாரா த்ரீனாவாகிறது, த்ரீனா சாவாவில் சேர்கிறது, சாவா டான்யூபில். வசந்தத்தில் இந்த மீன் நீரோட்டத்தை எதிர்த்து ஏறி வந்து சரளைக்கல் படுகையில் முட்டையிடுகிறது. சரளையின் இடுக்குகளில் சுத்தமான குளிர்நீர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் முட்டை பொரியும். சேறு படிந்தால் மூச்சுத் திணறிச் செத்துவிடும். நடுவில் ஓர் அணை வந்தால் ஏறியே வர முடியாது. ஆற்றின் உடல்நலத்தைத் தெரிந்துகொள்ள இந்த ஒரு மீன் போதும்.

ஷ்செபான் போலியேயில் படகுப் பயணம் முடிகிறது. இங்கேதான் பீவா வந்து தாராவோடு கலந்து த்ரீனா ஆகிறது. இரண்டும் பச்சை, இரண்டும் குளிர்ச்சி, பார்த்தால் உடன்பிறப்புகள். வழிகாட்டி பீவாவைக் காட்டி, "இது மின்நிலையம் திறந்துவிட்டால் ஓடும்" என்றார். கலக்கும் இடத்திலிருந்து சற்று தூரம் மேலே போனால் ம்ராதினியே அணை. 220 மீட்டர் உயரம், 1976-இல் கட்டி முடித்தது. அந்த அணைக்குப் பின்னால் பீவாவின் பள்ளத்தாக்கு முழுவதும் நீரில் மூழ்கிவிட்டது. ப்ளூஜினே என்ற பழைய ஊரும் மூழ்கியது. ஊர்க்காரர்களுக்கு ஏரிக்கரையில் அதே பெயரில் புது ஊர் கட்டிக் கொடுத்தார்கள்.

தாராவுக்கும் அந்த முடிவு வந்திருக்கும். போஸ்னியப் பக்கத்தில், த்ரீனாமீது பூக் பியேலா என்ற இடத்தில் அணை கட்ட 2004-இல் இரு பக்க அரசுகளும் உடன்பாடு கண்டன. தேங்கும் நீர் பின்னோக்கி ஏறி தாராவின் கீழ்ப்பகுதியை, நான் படகில் வந்த அதே இடங்களை, மூழ்கடித்திருக்கும். இத்தனைக்கும் 1991 செப்டம்பர் 20 அன்று நாடாளுமன்றம் இதே ஜாப்லியாக்கில் கூடி, மாண்டினீக்ரோ ஒரு சூழலியல் அரசு என்று அறிவித்திருந்தது. அறிவிப்பு மட்டும் ஓர் ஆற்றைக் காப்பாற்றாது என்பது மக்களுக்குத் தெரிந்திருந்தது. "குட்டை வேண்டாம், தாரா வேண்டும்" என்று முழக்கம் எழுந்தது. கையெழுத்து இயக்கம் நாடு முழுக்கப் பரவியது. 2004 டிசம்பரில் நாடாளுமன்றம் தாராவைக் காக்கும் பிரகடனத்தை நிறைவேற்றியது, திட்டம் நின்றது. மொத்த மக்கள்தொகையே ஆறு லட்சம் சொச்சம் இருக்கும் சிறிய நாட்டில், எளிய மனிதர்கள் வீதிக்கு வந்து ஓர் ஆற்றை மீட்டார்கள். உலகப் பாரம்பரியம் என்ற பட்டத்தைவிட அந்தக் கையெழுத்துகளை நான் பெரிதாக மதிக்கிறேன்.

சண்டை ஓயவில்லை. பூக் பியேலாவில் உயரம் குறைத்த ஓர் அணைக்கு 2021-இல் அடிக்கல் நாட்டினார்கள். ஆற்றின் மேல்பகுதியில், கொலாஷினுக்குத் தெற்கே, 2022-இல் திறந்த நெடுஞ்சாலைக்காகப் படுகைக்குள்ளேயே இயந்திரங்கள் இறங்கின. சரளை மேடுகள் கலைந்தன, நீர் போகும் வழி மாறியது. டான்யூப் சால்மன் முட்டையிடத் தேடுவது அப்படிப்பட்ட சரளையைத்தான். அந்த நெடுஞ்சாலையில்தான் நானும் ஏறி வந்தேன். பயண நேரம் குறைந்தது உண்மை. கோடையில் படகுகளின் எண்ணிக்கையும் கரையோர முகாம்களும் கூடிக்கொண்டே போகின்றன. ஆற்றை விரும்பி வருகிறவர்களின் கூட்டத்தையும் ஆறு தாங்க வேண்டியிருக்கிறது. பூங்கா நிர்வாகம் படகுகளுக்குக் கடுமையான வரம்பு வைத்தால், என் இடம் போனாலும் நான் வரவேற்பேன்.

திரும்பும்போது பீவாவின் வழியாகப் போனேன். சாலை பாறையைக் குடைந்த சுரங்கங்களுக்குள் புகுந்து புறப்பட்டு, அணையின் தலைமீதே ஏறிக் கடக்கிறது. ஏரி அழகாகத்தான் இருக்கிறது. அதை மறுத்துச் சொன்னால் பொய்யாகும். நீல நீர், செங்குத்துப் பாறைகள், படகுச் சவாரி. பீவா மடாலயத்துக்குப் போனேன். பதினாறாம் நூற்றாண்டுக் கட்டடம்; அணை நீர் சூழும் இடத்தில் இருந்தது. 1969 முதல் 1982 வரை, கல் கல்லாகப் பிரித்து எண் இட்டு, சுவரோவியங்களை ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாகப் பெயர்த்தெடுத்து, சில கிலோமீட்டர் தள்ளி உயரமான இடத்தில் திரும்பக் கட்டினார்கள். புனிதர்களின் முகங்களில் ஒட்டு தெரிகிறதா என்று நெடுநேரம் தேடினேன். ஓரிரு இடத்தில் மயிரிழைக் கோடு, மற்றபடி தெரியவில்லை. பதின்மூன்று ஆண்டு உழைத்த அந்தக் கைகளை வணங்கத் தோன்றியது. கூடவே கோபமும் வந்தது. ஒரு மடாலயத்தைப் பெயர்த்து வேறிடத்தில் வைக்க முடிந்தது. பள்ளத்தாக்கை எங்கே பெயர்த்து வைப்பது? அதன் பாசிப் பாறைகள், ஊற்று வாய்கள், மீன் ஏறிய சரளைப் படுகைகள், நானூறு வயது மரங்கள் அங்கேயும் நின்றிருந்தால் அவையும், எல்லாம் நீருக்கடியில் கிடக்கின்றன. பீவாவைப் பார்த்த பிறகுதான் சுரேவாட்ஸ் மேட்டில் நான் என்ன பார்த்தேன் என்பது எனக்கு முழுதாக உறைத்தது.

போக நினைப்பவர்களுக்கு: மே, ஜூன் மாதங்களில் பனி உருகிப் பெருக்கு வலுவாக இருக்கும், அப்போது படகு ஏறுவதற்கு உடலுறுதி வேண்டும். செப்டம்பரில் நீர் குறைந்து தெளிந்திருக்கும், கூட்டமும் கலைந்திருக்கும், பீச் மரங்கள் நிறம் மாறத் தொடங்கும். போத்கோரிட்சாவிலிருந்து மோய்கோவாட்ஸ் வழியாக ஏறி, தாராவைப் பார்த்துவிட்டு, ஷ்செபான் போலியே, ப்ளூஜினே, நிக்ஷிச் வழியாக இறங்குங்கள். பெரும்பாலான பயண ஏற்பாட்டாளர்கள் பீவாவை விட்டுவிட்டு வந்த வழியே திருப்பிக் கூட்டிக்கொண்டு போவார்கள். அரை நாள் கூடுதலாகக் கேட்டு வாங்கி, அணையையும் மடாலயத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள்.